ராசவள்ளிக்கு விதை தேடி

கொக்குவிலில் புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "வளவில் ராசவள்ளி வைக்க விருப்பம். விதை எந்தக் கடையில் கிடைக்கும்?" நானும் கொக்குவில்தான். ஆகையால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எந்தக் கடையிலும் கிடைக்காது. தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய ராசவள்ளிக் களியின் ருசியை யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தாவரவியலார் இதை டயஸ்கோரியா அலாட்டா என்பார்கள். அலாட்டா என்றால் சிறகுள்ளது. தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. நாலு மூலை, மூலைக்கொரு மெல்லிய சிறகு.

அதைவிடப் புதினம் அதன் பூ. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூப்பதே அருமை. பூத்தாலும், ஊர்க் கொடிகள் யாவும் ஒரே கிழங்கின் துண்டுகளாகக் கைமாறிப் பரவியவை என்றால், எல்லாம் ஒன்றில் ஆண், இல்லாவிட்டால் பெண். விதை எங்கிருந்து வரும்? என் வேலியில் படர்வதை அம்மம்மா நட்ட கொடியின் பிள்ளை என்று சொல்ல முடியாது. அதே கொடிதான் அது.

நோர்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் உலகத்து விதைகளை உறைகுளிரில் சேமிக்கிறார்கள். அங்கே இந்தக் கிழங்கை வைக்க வழியில்லை. வள்ளியினக் கிழங்குகளே முக்கிய உணவான மேற்கு ஆபிரிக்காவில், நைஜீரியாவின் இபாடான் நகர ஆய்வு நிலையம் அவற்றை வயலில் நட்டும், குழாய்களில் திசுவாக வளர்த்தும் காக்கிறது. உலகிலேயே பெரிய வள்ளிச் சேகரிப்பு அது. நமக்கு அந்த வேலையை அயல்வீடுகள் செய்து வந்தன.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் கொடி வேலி மூடிப் பச்சையாய் நின்றது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு ஓடுமில்லை, கதவுமில்லை. அம்மம்மா நேரே கிணற்றடி வேலிக்குப் போய்ச் சருகைக் காலால் விலக்கினார். ஊதா நிறத்தில் இரண்டு முளைகள். கிண்ட ஆளில்லாமல் மண்ணுக்குள் உறங்கிய கிழங்கு, தன் காலம் வந்ததும் எழும்பியிருந்தது.

அந்த வேலிகள் இன்று மதில்களாகிவிட்டன. முற்றத்துக்கும் சீமெந்துக் கல் பதிக்கிறார்கள். கிழங்கைச் சந்தையில் வாங்கலாமே என்று என்னிடமே கேட்கிறார்கள். எல்லோரும் வாங்குகிறவர்களானால் நடுகிறவர் யார்? இது எனக்கு உண்மையான கவலை.

மாசியில் கிண்டுவேன். கொடி பிடித்திருந்த தலைத்துண்டுதான் முந்தி முளைக்கும். அதை உங்களுக்கு வெட்டித் தருகிறேன். வெட்டிய பக்கத்தில் அடுப்புச் சாம்பல் பூசி நிழலில் போட்டு வையுங்கள். சித்திரையில் முழ ஆழக் கிடங்கு வெட்டி, பூவரசங்குழையும் எருவும் தாழ்த்து நடுங்கள். வெறும் மதிலில் கொடி ஏறாது. பக்கத்தில் ஒரு கிளுவைக் கதியாலாவது இப்போதே ஊன்றிவிடுங்கள்.