படமாக வரும் தூண்டில்

மின்னஞ்சலோடு வரும் நிரல் கோப்புகளைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பலருக்கும் பழகிவிட்டது. படக் கோப்பு பார்ப்பதற்கு மட்டுமே உரியது, அதனால் தீங்கு நேராது என்ற நம்பிக்கையும் அதே அளவுக்கு வேரூன்றியிருக்கிறது. கடவுச்சொல் திருடர்கள் கைவைப்பது இந்த நம்பிக்கையின்மீதுதான்.

ஜேபெக், பிஎன்ஜி முதலிய படங்கள் புள்ளிகளின் நிறங்களைப் பதிந்து வைப்பவை. 2001இல் தரப்படுத்தப்பட்ட எஸ்விஜி என்னும் படவகையோ, எந்த இடத்தில் எந்த வட்டத்தை, எந்தக் கோட்டை வரைய வேண்டும் என்ற கட்டளைகளை எழுத்துவடிவில் கொண்ட ஆவணமாகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குன்றாததால் சின்னங்களுக்கும் வரைபடங்களுக்கும் அது மிகப் பொருத்தமானது. ஆனால் வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் அதற்குள் எழுத முடியும். வலைப்பக்கத்தின் நடுவே சாதாரணப் படமாக இடம்பெறும்போது உலாவி அந்நிரலை ஓடவிடுவதில்லை. மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கும்போதோ, பெரும்பாலும் அது உலாவியில் தனி ஆவணமாகத் திறப்பதால், நிரல் தடையின்றி ஓடுகிறது. பெறுநரின் மின்னஞ்சல் முகவரி முன்கூட்டியே நிரப்பப்பட்ட போலி நுழைவுப் பக்கம் தோன்றி, கடவுச்சொல்லை மட்டும் கேட்கிறது. முகவரி சரியாக இருப்பதே ஐயத்தைத் தணித்துவிடுகிறது என்பதால், ஏமாந்தவரைக் கவனக்குறைவானவர் என்று பழிப்பது நியாயமாகாது.

கருவிகளே ஏமாந்திருக்கின்றன. கொலம்பியாவின் அரசு வழக்குத்தொடர் துறையின் பெயரில் பரப்பப்பட்ட எஸ்விஜி கோப்புகள் குறித்து, ஐயத்துக்குரிய கோப்புகளைப் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களிடம் ஒருங்கே சோதிக்கும் வைரஸ்டோட்டல் சேவை 2025 செப்டம்பரில் விவரம் வெளியிட்டது. அரசு ஆவணம் இறங்குவதுபோல முன்னேறும் பட்டையைத் திரையில் காட்டியபடியே, கடவுச்சொல்லிட்ட தீங்கான சுருக்கக் கோப்பு ஒன்றை அவை கணினியில் இறக்கின; அவற்றுள் 44 கோப்புகளை எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளும் அடையாளம் காணவில்லை. நிரலைச் சங்கேத எழுத்துகளாக உருமாற்றி, பொருளற்ற வரிகளையும் இடையிடையே திணித்திருந்ததால் கோப்புக்குக் கோப்பு தோற்றம் மாறியது.

அதே ஆண்டு, அவுட்லுக் மின்னஞ்சலின் உள்ளே பதிக்கப்பட்டு வரும் எஸ்விஜி படங்களைக் காட்டுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தத் தொடங்கியது. தேவையான நடவடிக்கைதான், எனினும் தனி இணைப்பாக வரும் கோப்புகளை அது தொடவில்லை. கட்டண ரசீதையோ குரல் பதிவையோ எஸ்விஜி வடிவில் அனுப்பவேண்டிய தேவை எந்த நேர்மையான நிறுவனத்துக்கும் அநேகமாக இராது. ஆகவே வடிவமைப்புப் பணி நடக்காத அலுவலகங்கள் இவ்வகை இணைப்புகளை அஞ்சல் வாயிலிலேயே தடுத்துவிடலாம்.