கவலைக்கு உணவு மருந்தாகுமா?

மாலை வேளையில் திருகோணமலை நகரின் தேநீர்க் கடைகளைக் கடந்து செல்வோர், கண்ணாடிப் பெட்டிகளில் ரோல்ஸும் பற்றிஸும் மீன் பணிஸும் அடுக்கப்பட்டிருப்பதைக் காணத் தவறுவதில்லை. துறைமுகக் கரையிலேயே, சீனன்குடாவில், 1980 முதல் பெரும் கோதுமை மா ஆலை இயங்கிவரும் மாவட்டத்தில் இது வியப்புக்குரியதன்று. எனினும் இவற்றை வாங்குவோரில் எத்தனை பேர் பசியினால் வாங்குகின்றனர் என்பது சிந்திக்கப்பட வேண்டியதாகும்.

யுத்தம், 2004 ஆழிப்பேரலை, 2022 பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்துத் துயர்களைச் சந்தித்த மாவட்டம் இது. மனம் சோர்ந்த வேளைகளில் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் சிறிது நேரம் ஆறுதல் தருவது உண்மையே. நீடித்த மனஅழுத்தத்தின்போது சுரக்கும் கோட்டிசோல் எனும் ஓமோன் பசியுணர்வைத் தூண்டி, இத்தகைய உணவுகளின்பால் நாட்டத்தை ஏற்படுத்துகின்றது. ஆகவே இதனைப் பெருந்தீனி என இகழ்வதில் பயனில்லை. இகழப்பட்டவர் தனிமையில் மேலும் உண்ணவே செய்வார்.

ஆயினும் விளைவு பாரதூரமானது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, இலங்கையில் வயதுவந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. தெற்காசியரைப் பொறுத்தவரை இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே அபாயம் தொடங்கிவிடுகின்றது.

தீர்வைச் சோற்றுக் கோப்பையில் மட்டும் தேடுவது தவறு. தேநீரையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி எனில் 40 கிராம் சீனி உடலைச் சேர்கின்றது. சீனியை 25 கிராமுக்குள் மட்டுப்படுத்துவது மேலும் நன்று என உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் பரிந்துரைத்தது. ஒரேயடியாக நிறுத்த முனைவோர் சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்புவர். இரு வாரங்களுக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு அறியாமலே பழகிவிடும்.

அவ்வாறே, மனம் உணவை நாடும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறொரு பழக்கம் தேவை. ஆண்களுக்கு டச்சுக்குடாக் கடற்கரை நடை எளிது. மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் பெண்களுக்கோ அது அவ்வளவு எளிதன்று என்பதை, ‘தினமும் நடவுங்கள்’ என்று கூறும் வைத்தியர்கள் மறந்துவிடுகின்றனர். அயல்வீட்டுப் பெண்கள் நால்வர் ஒன்றுசேர்ந்து நடப்பது இதற்கு வழியாகலாம். கூடிப் பேசிய மனம் பலகாரத்தைத் தேடுவதும் குறையும்.

றமழான் நோன்பும் தானாக எடையைக் குறைத்துவிடாது. பேரீச்சம்பழத்துடனும் நோன்புக் கஞ்சியுடனும் நிற்காது, சமோசாவும் வட்டிலப்பமும் சர்பத்தும் தொடருமாயின் எடை கூடவும் கூடும். வயிற்றில் மூன்றிலொரு பங்கையே உணவுக்கு ஒதுக்கும் நபிவழியும், முன் உண்டது செரித்த பின்னரே உண்ணச் சொல்லும் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நடத்திவருகின்றது. 35 வயதைக் கடந்தோர் எடை, குருதியமுக்கம், குருதிச் சீனி ஆகியவற்றை அங்கு இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.