பெயரில் இந்தியா, வயலில் தடை: கஞ்சா செடியும் 0.3 சதவீதக் கணக்கும்

புது தில்லி: ஒரே செடியின் இலையை அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கலாம், பூவை வைத்திருந்தால் சிறைத் தண்டனை. கஞ்சா செடியை இந்தியச் சட்டம் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. 1985-ல் நாடாளுமன்றம் வகுத்த இந்தப் பிரிவினையை மாற்றாமலேயே, இமயமலை மாநிலங்களான உத்தரகண்டும் ஹிமாசலப் பிரதேசமும் அச்செடியைச் சட்டபூர்வமான பயிராக்க முனைந்துள்ளன. இதனால் பயனடையப் போவது தலைமுறைகளாக அச்செடியோடு வாழ்ந்துவரும் மலை விவசாயியா, வெளியிலிருந்து விதை கொண்டுவரும் நிறுவனங்களா என்ற கேள்வி எழுந்துள்ளது.

பெயர் வந்த கதை

1753-ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இச்செடிக்கு 'கன்னாபிஸ் சட்டைவா' எனப் பெயரிட்டார். இந்தியாவிலிருந்து சென்ற மாதிரிகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லமார்க், இது ஐரோப்பிய நார்ச்செடியிலிருந்து வேறுபட்டது, போதை மிகுந்தது என்று கண்டு, 1785-ல் 'கன்னாபிஸ் இண்டிகா' என்று தனிப் பெயர் சூட்டினார்.

ஆனால், இன்று மேலைநாட்டுச் சந்தையில் 'இண்டிகா' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தியச் செடி அல்ல. அகன்ற இலைகளுடன் குட்டையாகப் புதர்போல் வளரும், ஆப்கானிஸ்தானின் ஹிந்து குஷ் மலைப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட ரகம் அது. 1970-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஷுல்டஸ் ஆப்கன் செடிகளுக்கு இப்பெயரைப் பொருத்தியதும், அங்கிருந்து விதைகள் மேலைநாடுகளுக்குச் சென்றதும் இந்தப் பெயர் மாற்றத்துக்கு வழிவகுத்தன. லமார்க் வர்ணித்ததோ குறுகலான இலைகள் கொண்ட செடி.

'இண்டிகா' உடலைத் தளர்த்தி உறக்கம் தரும், 'சட்டைவா' உற்சாகம் தரும் என்பது வணிகர்களின் வழக்கு. உண்மையில் விளைவைத் தீர்மானிப்பது பெயரல்ல. செடியிலுள்ள வேதிப் பொருள்களின் விகிதமே. போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளை 1964-ல் இஸ்ரேலிய விஞ்ஞானி ரஃபேல் மெச்சூலம் குழுவினர் பிரித்தெடுத்தனர். போதை தராத சி.பி.டி. என்ற மற்றொரு பொருள், குழந்தைகளுக்கு வரும் அரிய வகை வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்த மருத்துவப் பயனுக்கான தொடக்க ஆய்வு இந்தியாவில்தான் நடந்தது. 1839-ல் கொல்கத்தாவில் மருத்துவர் ஓஷானெஸி, வலிப்புக்கும் வில்வாத ஜன்னிக்கும் இச்செடியின் சாற்றைக் கொடுத்துப் பார்த்துப் பதிவு செய்தார்.

தீங்கும் கற்பனையல்ல. இளம் வயதில் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு நினைவாற்றல் பாதிப்பு, அடிமைத்தனம், மனச்சிதைவு அபாயம் ஆகியவை கூடுதல் என்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆணையமும் சட்டமும்

இந்தியாவில் கஞ்சாவைத் தடை செய்யலாமா என்ற கேள்வி 1893-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. இதற்காக அமைக்கப்பட்ட ஆணையம் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. மிதமான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை. முழுத் தடை தேவையும் இல்லை, உசிதமும் அல்ல. வரியும் உரிமமும் போதும் என்று 1894-ல் அது அறிக்கை அளித்தது.

1961-ம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் நிலைமையை மாற்றியது. மருத்துவம் சாராத கஞ்சா பயன்பாட்டை நிறுத்த, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 25 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அந்தக் கெடு முடிவதற்கு முன்பே, 1985 ஆகஸ்டில் மக்களவையில் போதைப் பொருள் மசோதா அறிமுகமானது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதலையும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்று, நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது.

பூவும் பிசினும் தடை செய்யப்பட்டன. பூ நுனியோடு சேராத இலையும் விதையும் சட்டத்தின் வரையறைக்கு வெளியே விடப்பட்டதால், வட மாநிலங்களில் ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் 'பாங்கு' தடையின்றிக் கிடைக்கிறது. அனுமதியின்றிச் செடியைப் பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ரூ.1 லட்சம் வரை அபராதம். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் 10 முதல் 20 ஆண்டுகள். இவ்வளவுக்குப் பிறகும், மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் இச்செடியின் பொருள்களை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி பேர்.

2016-ல் பாட்டியாலா எம்.பி. தரம்வீர் காந்தி சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தனிநபர் மசோதா கொண்டுவர முயன்றார். 2017-ல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, மருத்துவப் பயன்பாட்டையாவது அனுமதிக்க வேண்டும் என்றார். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப் பொருள் ஆணையத்தில், கஞ்சாவை மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானம் 27-25 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது இந்தியா ஆதரவாகவே வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டம் மாறவில்லை.

மாநிலங்களின் கையில் சாவி

கஞ்சா சாகுபடிக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 10-வது பிரிவு மாநிலங்களுக்குத் தருகிறது. நார், விதைக்காகப் பயிரிட 14-வது பிரிவு இடமளிக்கிறது. இதைப் பயன்படுத்தி 2018-ல் முதல் உரிமம் வழங்கியது உத்தரகண்ட். ஹிமாசலில் 2023-ல் வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையை 2024 செப்டம்பரில் சட்டப்பேரவை ஏற்றது. இரு வேளாண் பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோடி ஆய்வு நடத்த 2025 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

சிக்கல் 0.3 சதவீதத்தில் இருக்கிறது. டி.எச்.சி. அளவு இதற்கு மேல் போகாத செடியைத்தான் தொழில் பயிராகப் பயிரிடலாம் என்பது உத்தரகண்டின் நிபந்தனை. 1976-ல் இரு தாவரவியலாளர்கள் வகைப்பாட்டு வசதிக்காகப் பயன்படுத்திய எண் இது. போதையின் எல்லையாக வகுக்கப்பட்டதன்று. இமயமலையில் தானாக முளைத்து வளரும் செடிகள் பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டுபவை.

மலை மக்களுக்கு இச்செடி போதைப் பொருள் மட்டுமல்ல. தண்டின் நாரில் கயிறும் காலணியும் செய்தனர். விதையை அரைத்துத் துவையலாக உண்கின்றனர். பூ நுனிகளை உள்ளங்கையில் தேய்த்துப் பிசினை எடுக்கும் 'சரஸ்' தொழிலால் குலு மாவட்டத்தின் மலாணா கிராமம் உலகறிந்தது. சரஸுக்கு உரிமம் வழங்கச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆகவே, மலை விவசாயி சட்டத்துக்குள் வர வேண்டுமானால் தன் நிலத்துச் செடியைக் கைவிட்டு, வரம்புக்குள் அடங்கும் புதிய விதையை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். போதைப் பழக்கம் பெருகிவரும் காலத்தில் கண்காணிப்பைத் தளர்த்தினால் உரிமத்தின் பெயரில் கள்ளச் சந்தை வளரும் என்ற எதிர்ப்பாளர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

நாட்டு ரகங்களைச் சேகரித்துப் பாதுகாப்பது, அவற்றிலிருந்தே டி.எச்.சி. குறைந்த விதையை உருவாக்குவது, அதைச் சிறு விவசாயிக்கு எட்டும் விலையில் தருவது என்ற மூன்று பணிகளையும் அரசின் ஆய்வு நிலையங்கள் செய்தாக வேண்டும். இல்லையெனில், இந்தியாவின் பெயரைத் தாங்கிய செடிக்கு உரிமம் கிடைக்கும்போது, அதைக் காத்து வந்தவரின் வயலில் அது இருக்காது.