அட்டவணை இணைப்பும் மறையும் நிரைகளும்

ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டுமே எழுதிவைத்தல் நன்கமைந்த தொடர்புநிலைத் தரவுத்தளத்தின் இயல்பு. 1970 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கார் கொட் முன்வைத்த இம்முறையில், மாணவர் பெயர் ஓர் அட்டவணையிலும் பரீட்சைப் புள்ளி பிறிதோர் அட்டவணையிலும் நிற்கும். இரண்டிலும் காணப்படும் சுட்டெண்ணே அவற்றைப் பிணைப்பது. பெயர்கொண்டு பிணைத்தல் தகாது. ஒரே வகுப்பில் இரு கணேசர் இருப்பது புதுமையன்று.

எவ்வகை இணைப்பு என்பதிலேதான் விழிப்பு வேண்டும். வகுப்பிலுள்ளோர் 40 பேர்; கணிதப் பரீட்சைக்குத் தோற்றியோர் 37 பேர்; புள்ளி அட்டவணையில் ஒருவர்க்கு ஒரு நிரை எனக் கொள்க. உள்ளிணைப்பானது ஈரட்டவணையிலும் ஒத்த சுட்டெண் உடைய நிரைகளை மட்டுமே தரும். ஆகவே தோன்றுவன 37 நிரைகளே. பரீட்சைக்கு வாராத மூவரும் பட்டியலினின்று மறைந்துவிடுவர்; கணினியோ பிழையெதுவும் சுட்டாது. ஆசிரியர் தேடிச் சென்று விசாரிக்க வேண்டியவர் அம்மூவரே.

மாணவர் அட்டவணையை இடப்புறம் வைத்து இடப்புற வெளியிணைப்புச் செய்யின் 40 நிரைகளும் வரும். மூவர்க்கும் புள்ளி நிரல் வெறுமையாய் நிற்கும். அவ்வெறுமை பூச்சியம் அன்று. பூச்சியமென்று நிரப்பினால் வகுப்பின் சராசரி பொய்யாகத் தாழும். வெறுமையாகவே விட்டால், எஸ்.கியூ.எல். மொழி அதனைச் சராசரியிற் சேர்ப்பதில்லை.