பூனைக்கு வரும் பசு அம்மை

பசு அம்மை என்றவுடன் 1796ஆம் ஆண்டில் ஜென்னர் செய்த அம்மைகுத்தும் சோதனையே நினைவுக்கு வரும். பள்ளிப் பாடங்களும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. உண்மையில் இவ்வைரஸ் கிருமியின் இயற்கை இருப்பிடம் பசுவன்று. ஐரோப்பாவின் வயல்களிலும் புதர்களிலும் வாழும் எலியினங்களே. அங்கு இந்நோய் இன்று பசுக்களிடம் அரிது. எலி வேட்டையாடும் பூனைகளிடமே மிகுதி. எலிகள் பெருகியிருக்கும் கோடை இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் பூனைகள் நோயுறுகின்றன.

முதலில் தலையிலோ கழுத்திலோ முன்னங்காலிலோ ஒரே ஒரு புண் தோன்றும். பெரும்பாலும் அது எலி கடித்த இடமே. சண்டையிற் பட்ட காயமென்று வீட்டார் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஏறத்தாழ 10 நாட்களுக்குப் பின் வைரஸ் இரத்தத்தின் வழியே பரவ, உடலெங்கும் சிறு முடிச்சுகள் எழும்பிப் புண்ணாகிப் பொருக்குக் கட்டும். பெரும்பாலான பூனைகள் 6 முதல் 8 வாரங்களில் தாமாகவே தேறிவிடுகின்றன.

கெடுதல் நேர்வது பெரும்பாலும் சிகிச்சையினாலேயே. பொருக்குகளைக் கண்டு ஒவ்வாமையெனக் கருதிக் கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும். வைரஸ் தடையின்றிப் பெருகும். நுரையீரல் அழற்சி கண்ட பூனை பிழைப்பது அரிது. ஆகவே காரணம் துலங்குமுன் ஸ்டீராய்டைத் தொடலாகாது. படர்தாமரையா என்பதையும் சோதிக்க வேண்டும். உலர்ந்த பொருக்கொன்றைத் தூய குப்பியிலிட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் போதும். வைரஸ் அதில் நெடுநாள் உயிர்ப்புடன் இருக்கும். பாக்டீரியாத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், தளர்ந்த பூனைக்கு நீரும் ஊட்டமும் என்பதே சிகிச்சை.

இந்நோய் மனிதரையும் தொற்றும். ஸ்டீராய்டு சிகிச்சை பெற்றுவந்த ஜெர்மானிய இளைஞரொருவர் பூனையிடமிருந்து தொற்றிய பசு அம்மையால் இறந்த செய்தி 1990ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டபின் பொதுமக்களுக்கு அம்மைகுத்துவது நின்றுவிட்டமையால், பிற்காலத்தே பிறந்தோருக்கு அப்பாதுகாப்பும் இல்லை. நம் நாட்டுக் களப்பணியாளருக்கு இவ்வினத்தைச் சேர்ந்த எருமை அம்மை புதியதன்று. பால் கறப்போரின் கைகளில் அது புண் உண்டாக்குவதை அவர்கள் அறிவர். அங்கு கொள்ளும் எச்சரிக்கையே இங்கும் வேண்டும். கையுறையின்றிப் புண்ணைத் தொடலாகாது. சிறுவரையும் தோல்நோயுள்ளோரையும் அப்பூனையிடம் நெருங்க விடலாகாது. அதன் படுக்கைத் துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தபின்பே துவைக்க வேண்டும்.