எத்தனை பெயர்கள்?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345. இவர்கள் எல்லாரையும் ஆளுக்கொரு வரியாகக் கணிப்பொறியில் அட்டவணையிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பத்தியில் வட்டம், மற்றொன்றில் பெயர். வட்டங்கள் பன்னிரண்டுதான். ஆனால் வெவ்வேறான பெயர்கள் எத்தனை?

வீண் கேள்வி அன்று இது. திருமயம் வட்டத்தாரைத் தேடினால் ஏராளமான வரிகள் தேறும். அட்டவணையை முதலிலிருந்தே படித்துவிடலாம். அபூர்வமான பெயரைத் தேடினாலோ, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்ற ஒன்றைப் புரட்டுவது மேல். எது சுருக்கமான வழி என்பதைக் கணிப்பொறி தேடுமுன்பே தீர்மானித்தாக வேண்டும். தவறினால், நொடியில் முடிய வேண்டிய வேலை மணிக்கணக்கில் இழுக்கும். அதற்காக ஒவ்வொரு முறையும் முழுவதையும் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? எனவே மாதிரி எடுக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருள் வழக்கமாக 30,000 வரிகளைத்தான் பார்க்கிறது.

அந்த 30,000 வரிகளில் 9,000 பெயர்கள் கிடைத்தன என்போம். மாவட்டம் இந்த மாதிரியைப்போல் 54 மடங்கு, அப்படியே பெருக்கிவிடலாமா? பெருக்கினால் வட்டங்களும் 648 ஆகிவிடும்!

பார்க்க வேண்டியது வேறு: ஒரே ஒரு முறை மட்டும் தலைகாட்டியவை எத்தனை? பன்னிரண்டு வட்டங்களும் மாதிரியில் பலமுறை வந்துவிடும். புதிதாக ஒன்று ஒளிந்திருக்க வாய்ப்பில்லை. பெயர்களிலோ 6,000 ஒரே முறை வந்தவை என்றால், 30,000இல் அது ஐந்தில் ஒரு பங்கு. அடுத்து எடுக்கும் வரியில் நாம் இதுவரை காணாத பெயர் இருப்பதற்கான வாய்ப்பும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே!

இந்தச் சிந்தனை கணிப்பொறிக்காகப் பிறந்ததன்று. மலேயாவில் வண்ணத்துப்பூச்சி சேகரித்த கார்பெட் என்பவரிடம் 118 இனங்களில் ஒவ்வொரு பூச்சிதான் இருந்தது. 74 இனங்களில் இரண்டிரண்டு. இன்னும் தேடினால் எத்தனை புதிய இனங்கள் சிக்கும்? இதற்குப் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1943இல் விடை தந்தார். 1984இல் ஆன் சாவ் அம்மையார் எளிய சூத்திரம் ஒன்றைக் கண்டார். ஒருமுறை வந்தவற்றின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, இருமுறை வந்தவற்றின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். கார்பெட்டின் எண்களைப் போட்டுப் பாருங்கள்: கண்ணில் படாத இனங்கள் சுமார் 94. நம் பெயர்களில் 1,500 இருமுறை வந்திருந்தால், காணாதவை 12,000, மொத்தம் 21,000. ஒன்றை மறக்கக்கூடாது: இது கீழ்வரம்பு. உண்மை இதைவிட மிக அதிகமாகவும் இருக்கலாம்.

மாதிரியைக் குலுக்கலாக எடுத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். அட்டவணையை வட்டவாரியாக எழுதி வைத்திருந்தால், அடுத்தடுத்த வரிகளைப் படிப்பது கணிப்பொறிக்குச் சுலபந்தான். ஆனால் விராலிமலைப் பகுதியோடு நிறுத்திக்கொண்டால், கடலோரக் கோட்டைப்பட்டினத்தில் வழங்கும் பெயர்கள் பல கணக்கில் வராமலே போகும்.