வதிவிடம் எது?

இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் அச்சு மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். இரண்டு ஊர்ப் பெயருக்குள் ஒரு மனிதர் அடங்கிவிடுவார். 1999இல் அப்பப்பா கொழும்பில் இறந்த அன்று, அறிவித்தல் எழுதப் பெரியப்பாவும் மாமியும் மேசையில் கடதாசியோடு இருந்தார்கள். பிறப்பிடம் பருத்தித்துறை என்று எழுதியாயிற்று. வதிவிடம் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.

அப்பப்பா மெதடிஸ்த குருவானவர். முப்பத்தாறு ஆண்டு ஊழியம், ஒன்பது சேகரம். மாமி பிறந்தது திருகோணமலையில், பெரியப்பா பிறந்தது கல்முனையில், என் அப்பா மட்டக்களப்பில். ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். ஒன்பதையும் எழுதலாம் என்றால் அறிவித்தலுக்குச் சொற்கணக்கில் காசு. கடைசியில் ஓய்வுக்குப் பிறகு இருந்த யாழ்ப்பாணத்தைப் போட்டார்கள். அந்த வீட்டை விட்டு அவர் வெளியேறி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த நிலைக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தன் போதகர்களை எந்த இடத்திலும் வேரூன்ற விடவில்லை. 1784இல் அவர் எழுதிவைத்த உறுதிப் பத்திரம், ஒரே ஆலயத்துக்கு ஒரு போதகரை மூன்று ஆண்டுக்கு மேல் நியமிக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. பிரித்தானிய மெதடிஸ்தரிடம் ஊழியத்துக்குப் பெயரே ‘பயணம்’. இத்தனை ஆண்டு ஊழியம் செய்தார் என்று சொல்லமாட்டார்கள், இத்தனை ஆண்டு பயணித்தார் என்பார்கள். ஓய்வு பெறுவதற்கு அவர்கள் பேச்சில் ‘உட்காருதல்’ என்று ஒரு சொல் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டு நடந்தவர் உட்காருகிறார். ஆனால் ஏட்டில் ஓய்வுபெற்ற குருவுக்கு இட்ட பெயர் வேறு. தமிழில் அதைச் சொல்வதானால் ‘எண்ணிக்கைக்கு மேற்பட்டவர்’ என்றுதான் சொல்லவேண்டும். தேவையான தொகை நிரம்பியபின் மிஞ்சி நிற்பவர். அந்தச் சொல்லை முதன்முதல் படித்த நாள் எனக்கு நெஞ்சு கனத்தது. கேட்பதற்கு அப்படி இருந்தாலும் அவர்களைக் கைவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. 1763ஆம் ஆண்டுப் பேரவையிலேயே, உழைத்துத் தேய்ந்த முதிய போதகர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பயணப் போதகர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு அரைக் கினி போட்டு நிதி சேர்ப்பது என்பது விடை.

வெஸ்லியின் பேரவை முழுவதும் கேள்வி, விடை என்றே நடக்கும். 1770களின் பிற்பகுதியில் இன்னொரு கேள்வியும் அதில் சேர்ந்தது: இவ்வாண்டு இறந்த போதகர்கள் யார்? விடையாகப் பெயரும், பெயருக்குக் கீழே சில வரிகளும். பிரித்தானியாவில் இன்றும் பேரவை கூடும்போது இறந்தவர் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அவர்களைப் பற்றிய குறிப்புகள் பேரவைக் குறிப்பேட்டில் அச்சாகின்றன. ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த ஒருவரின் வாழ்க்கையை ஒரே தாளில் கூட்டிவைத்தது இந்த ஏடுதான். எந்த ஒரு ஊருக்கும் அவரை முழுதாகத் தெரியாது.

எங்கள் கரைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமார் கூட்டத்துக்கு உட்காரும் வாய்ப்பே எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட தோமஸ் கோக் 1814 மே 3ஆம் திகதி கடலிலேயே இறந்தார். வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அதே பயணத்தில் இறந்தார். ஜூன் 29இல் காலியில் இறங்கியவர்கள் தமக்குள் ஊர் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம், ஓல்ட் தனியே மட்டக்களப்பு. அங்கே ஓல்ட் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரிலில் மண்ணுக்குள் போனார். ஓராண்டுகூட நிறையவில்லை. இப்படிப் போனவர்களை நினைப்பது ஒருவகையில் எளிது. ஒரே ஊர், ஒரே கல்லறை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் இன்றும் தெரியும். நீண்ட காலம் வாழ்ந்து, பல இடம் மாறி, அமைதியாக ஓய்ந்தவரை நினைப்பதுதான் கடினம்.

எங்கள் திருச்சபைக் குருவானவர் டி. டி. நைல்ஸை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. 1948இல் ஆம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவானபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர் அவர். 1968இல் உப்சாலாவில் மார்ட்டின் லூதர் கிங் பேசவேண்டிய இடத்தில், கிங் சுடப்பட்டு இறந்ததனால், நைல்ஸ் நின்று பேசினார். 1970இல் வேலூரில் இறக்கும்போது வயது 62. ஓய்வு என்பதை அவர் காணவில்லை. அவருக்கு நூல்கள் இருக்கின்றன, பாடல்கள் இருக்கின்றன. அவர் படித்த பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலேயே படித்து, அவர் இருந்த திருமாவட்டத்திலேயே மழையிலும் வெயிலிலும் சைக்கிள் மிதித்த மற்றக் குருமாருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அப்பப்பாவின் காலத்துக் குருமனையைச் சொல்லவேண்டும். பெரிய வளவு, பெரிய வீடு, உள்ளே சொந்தமாக ஒன்றுமில்லை. கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் சபைக்குரியவை. பின்பக்கம் வெள்ளைப் பெயின்றால் இலக்கம் எழுதியிருக்கும். மாற்றம் வந்தால் இலக்கம் பார்த்து ஒப்படைத்துவிட்டு, இரண்டு ட்ரங்குப் பெட்டியும் புத்தகங்களும் பாயும் கட்டிக்கொண்டு புறப்படவேண்டும். அப்பம்மா நட்ட கறிவேப்பிலையும் முருங்கையும் அடுத்து வருபவருக்கு. ஒன்பது வளவில் ஒன்பது கறிவேப்பிலை. தான் நட்டதில் பாதியைத்தான் தான் ஆய்ந்து சமைத்ததாக அப்பம்மா கணக்குச் சொல்வார்.

ஊரில் குருவானவருக்கு இருந்த இடமும் வேறு. அவர்தான் மிஷன் பள்ளிக்கூடங்களின் மனேச்சர். ஆசிரியர் நியமனம், சம்பளப் பட்டியல், கூரை ஓட்டை எல்லாம் அவர் தலையில். சைவப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் அவரைத் தேடி வருவார்கள். 1960இல் வந்த சட்டத்தோடு உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் அரசிடம் போயின. கல்முனையில் இருந்தபோது அப்பப்பா சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்து அன்று மாலை முழுவதும் விறாந்தையில் பேசாமல் இருந்தாராம். பெரியப்பா சொல்லித் தெரியும். பின்னர் ஆலயமும் நோயாளியும் பிரசங்கமுமே ஊழியம் என்று சுருங்கியது. சுருங்கியது என்று நான் சொல்கிறேன். அப்பப்பா அந்தச் சொல்லை ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். கணக்குக் கொப்பி போனபின்தான் வீடுவீடாகப் போக நேரம் கிடைத்தது என்பார்.

1982இல் அவர் உட்கார்ந்தார். உட்கார வீடு வேண்டுமே! முப்பத்தாறு ஆண்டும் குருமனையில் இருந்தவருக்குச் சொந்தமாக ஓர் ஓடும் இல்லை. அவரைக் காத்தது அப்பம்மாவின் சீதன வீடு. யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணோடு வரும். அந்தக் காலத்தில் பல ஓய்வுநிலைக் குருமார் கடைசிக் காலத்தை மனைவியின் சீதன வளவில்தான் கழித்தார்கள். பேரவைக் குறிப்பு எதிலும் இது ஏறாது. ஏறவேண்டும் என்பது என் எண்ணம். ஊர் ஊராக ஒரு குடும்பத்தைக் கட்டி அவிழ்த்த பெண், இறுதியில் கூரையும் கொடுத்தார். ‘அன்புத் துணைவியார்’ என்ற இரண்டு சொல்லில் அவரை முடித்துவிடுகிறார்கள்.

அப்பப்பாவிடம் ஒரு கொப்பி இருந்தது. பழுப்புத் தாள் அட்டை போட்டது. எந்த நாள், எந்த ஊர், எந்த வேதப் பகுதியில் பிரசங்கம் என்று மூன்று நிரல். மெதடிஸ்த குருமார் பலர் இப்படி வைத்திருப்பார்கள். போன இடத்தில் பேசியதையே திரும்பப் பேசிவிடக்கூடாது என்பதற்காக. ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஞாயிறில் ‘உடன்படிக்கை’ என்று மட்டும் இருக்கும். கடவுளோடு செய்த உடன்படிக்கையைச் சபையாக நின்று புதுப்பிக்கும் அந்த ஆராதனை மெதடிஸ்தரின் தனி அடையாளம். முப்பத்தாறு உடன்படிக்கை ஆராதனையும் அந்தக் கொப்பியில் இருக்கின்றன. மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப் போட்டது 1978 நவம்பர் 23ஆம் திகதி, வியாழக்கிழமை. 26ஆம் திகதி ஞாயிறுக்கு நேரே ஊர் என்ற நிரலில் ‘மரத்தடி’ என்று எழுதியிருக்கிறார். வேறு விளக்கமில்லை. ஆலயத்தின் ஓடு பறந்திருந்தது; எந்த மரம் தப்பி நின்றது என்று கேட்க எனக்கு அப்போது புத்தியில்லை.

ஓய்வுக்குப் பிறகும் கொப்பி நிற்கவில்லை. உட்கார்ந்தவர்களையும் ஞாயிறுகளில் கூப்பிடுவார்கள். குரு இல்லாத ஆலயம் எப்போதும் ஒன்று இருக்கும். 1995 ஒக்டோபர் 30இல் போர் நெருங்கி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எழுபத்தெட்டு வயதுக்காரரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார்கள். நவம்பர் 5ஆம் திகதிக்கு நேரே ‘சாவகச்சேரி, பள்ளிக்கூட விறாந்தை’. அன்று பேசிய வேதப் பகுதி, ஆபிரகாம் தன் ஊரை விட்டுப் புறப்பட்ட அதிகாரம். அந்த அதிகாரத்துக்கு முன்பே ஆறு ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான மாற்றங்களின்போது கடைசி ஞாயிறில் அதைத்தான் எடுத்திருக்கிறார் போலும். அதற்கு மேல் கொப்பியில் எழுத்தில்லை.

1999இல் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை. ஒன்பது சேகரத்தில் எட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. கொழும்பில் அவரை நன்கு அறியாத ஒரு குருவானவர், நாங்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். அவர் மேல் குறையில்லை. மிகுந்த மரியாதையோடு வாசித்தார். யாழ்ப்பாணத்துச் சைவ அயலவர்களுக்குக் ‘கல்வெட்டு’ என்று ஒன்று உண்டு. இறந்து முப்பத்தொன்றாம் நாள், அந்தியேட்டிக்கு, வம்சமும் வாழ்க்கையும் பாட்டாக அச்சிட்டு வீடுவீடாகக் கொடுப்பது. ஒரே ஊரில் தலைமுறையாக இருந்தவர்களுக்குப் பொருந்தும் வடிவம் அது. அப்பப்பாவுக்கு நாங்களும் ஒரு நினைவு மலர் போட்டோம், எட்டுப் பக்கம். பெயர்களும் ஆண்டுகளும் சரியாக இருக்கின்றன. மரத்தடி அதில் இல்லை.

இன்று நிலை எவ்வளவோ மாறிவிட்டது. இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964இல் தன்னாட்சி பெற்றது. குருமாரை எங்கே அனுப்புவது என்று இங்கேயே தீர்மானிக்கிறார்கள். பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். பிரித்தானியாவில் அது 1974இல் தொடங்கியது. இளம் குருவானவரின் பிரசங்கம் அன்று மாலையே தொலைபேசியில் கனடாவுக்குப் போய்விடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் பலர் பிள்ளைகளோடு லண்டனிலும் டொரொன்ரோவிலும் இருக்கிறார்கள். சீதன வளவில் சாய்மனைக் கதிரை போட்டிருந்தவர் இடத்தில், பத்தாம் மாடியில் பனி பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். அங்கே ‘ஐயா’ என்று கூப்பிட வாசலில் யாரும் நிற்பதில்லை.

அண்மையில் ஒரு குருவானவரின் நினைவு ஆராதனையை நேரலையில் பார்த்தேன். அப்பப்பாவுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. திருகோணமலையிலிருந்து ஒருவர், மெல்பேர்ணிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து ஒரு வயதான அம்மா, எல்லாரும் ஒரே திரையில். எனக்குக் கண் கலங்கியது. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார்கள். அந்த அம்மா, வெள்ளத்தில் ஐயா தன் பிள்ளையைத் தோளில் தூக்கிய கதையைத் தொடங்கியதும் நேரம் முடிந்தது. அந்தக் கதை எந்த ஊர், எந்த வெள்ளம், பிள்ளை என்னானது என்று சொல்லக்கூடிய மற்றவர் பெட்டிக்குள் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் நானும் ஒரு கொப்பி வாங்கினேன். உயிரோடிருக்கும் ஓய்வுநிலைக் குருமாரைத் தேடிப் போய்க் கேட்பது என்று. முதலில் போனது வடமராட்சியில், எண்பத்துநான்கு வயது ஐயா ஒருவரிடம். எங்கெங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். ஆண்டுகள் அவருக்குக் குழம்பின. சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, ஊர்களைத் தண்ணீரால் சொல்லத் தொடங்கினார். இந்த ஊர்க் குருமனைக் கிணறு நல்ல தண்ணீர். அந்த ஊரில் உவர், குடிக்க அயல்வீட்டில் அள்ளவேண்டும். இன்னொரு ஊரில் மாரியில் கைக்கெட்டும், சித்திரையில் வாளி தரையில் இடிக்கும். ஒவ்வொரு கிணற்றுக்கும் பின்னால் ஒரு சபை, ஒரு சண்டை, ஒரு கலியாணம், ஒரு பிள்ளையின் காய்ச்சல் என்று தானாக வந்தது. ஆறு ஊர் எழுதிவிட்டேன். ஏழாவதில் நின்றுவிட்டார்.

“அங்கை தண்ணி எப்பிடி எண்டு மறந்துபோச்சு,” என்றார்.

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. “உங்களுக்கு எப்பிடித் தெரியும், அள்ளினது நானெல்லோ,” என்று சொல்லிக்கொண்டே அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் எதிரே இருந்தார்.

“எழுதும் பிள்ளை,” என்றார். “அங்கை கிணறு இல்லை. குளம்.”